சார்ஜ் கலீல் சார் கையில் இருந்தது

வாணியம்பாடியில் புளி மூட்டைகளை இறக்கிவிட்டுத் திரும்பிய ஜீப் டிரைவர் முருகேசன்தான் செய்தி கொண்டுவந்தான். மலையில் எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த பையன் அவன். திருப்பத்தூர் வழியாகப் போனால் எங்கள் வீட்டுக்குள் தலையை நீட்டி ஒரு வார்த்தை பேசாமல் போகமாட்டான். அன்றைக்கு வாசலிலேயே நின்றுவிட்டான்.

"டீச்சரம்மா, கலீல் சார் மௌத்தாயிட்டாருங்க. நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னாராம். வண்டி வர்றதுக்குள்ள போய்ட்டாராம். நேத்தே அடக்கம் பண்ணிட்டாங்க."

நான் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் பேப்பரை மடித்தார், நான் முறத்தைக் கீழே வைத்தேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. துக்கம் வந்தால் அழுதுவிடலாம், ஆறிப்போகும். எனக்கு முதலில் வந்தது துக்கமில்லை, வெட்கம். அதை வைத்துக்கொண்டு மனுஷி என்ன செய்வாள்?

முருகேசன் விவரம் தெரியாத பிள்ளை. போகும்போது இன்னொன்றும் சொல்லிவிட்டுப் போனான். "தங்கமான மனுஷன்ங்க. அந்தச் சாமை விஷயம் ஒண்ணுதான் அவரு பேருல நின்னு போச்சு. இப்பவும் மலையில சொல்லுவாங்க, புதுசு கும்பிடறதுக்கு முன்னாடி புள்ளைங்களுக்கு சாமை போட்ட வாத்தியாருன்னு."

கலீல் சாரிடம் படித்தவர்களே, அவரோடு வேலை பார்த்தவர்களே, அந்தச் சாமை விஷயத்தைச் சரியாகச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பழி அவரிடம் இருந்தது. பாவம் என் வீட்டில் இருந்தது. எழுதுகிறேன் என்று எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "எழுது" என்றார்.

புதூர்நாட்டில் மலைப் பிள்ளைகளுக்கென்று நடந்த தங்கும் பள்ளிக்கூடம் அது. எங்கள் வீட்டுக்காரர் தலைமையாசிரியர், நான் சின்ன வகுப்புகளுக்கு டீச்சர். இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வந்தவர் கலீல் சார். வாணியம்பாடியில் தோல் வியாபாரக் குடும்பம். அண்ணன்மார்கள் ஷாப்பைப் பார்த்துக்கொண்டார்கள். இவர் மட்டும் படிப்பு படிப்பு என்று அலைந்து எங்கள் மலையில் வந்து சேர்ந்தார். "ஊறப்போட்ட தோலுக்கு நடுவுல பொறந்து வளர்ந்தவன் டீச்சர் நான். இந்த மலைக்காத்து மூக்குல ஏறின அன்னிக்குத்தான் எனக்கு மூக்கு இருக்குதுன்னே தெரிஞ்சது" என்பார். எதையும் சிரிப்பாகச் சொல்வார். ஆனால் யாரையும் வைத்துச் சிரிக்கமாட்டார்.

அவருடைய அந்த ஒற்றை இங்கிலீஷ் வார்த்தையை மறந்தவர்கள் யாராவது உண்டா? சார்ஜ். அது ஆரம்பித்தது ரேடியோவால். பள்ளிக்கூடத்துக்கு எதிரே பஞ்சாயத்து ரேடியோ ஒன்று இருந்தது. அதன் பாட்டரி தீர்ந்துபோனால் ஒரு ஆள் சுமந்துகொண்டு கீழே திருப்பத்தூருக்குப் போய் ஏற்றிக்கொண்டு வரவேண்டும். ஒருநாள் காலையில் ஒரு பையன், "சார், ரேடியோவுல சார்ஜ் இல்லீங்க, பாட்டு வராது" என்றான். கொஞ்ச நேரம் கழித்து லீவுக்கு ஊருக்குப் போயிருந்த இன்னொரு பையன் மூச்சு வாங்க வந்தான். ஏன் லேட் என்று கேட்டதற்கு, "பஸ் சார்ஜுக்குக் காசு இல்லீங்க, அடிவாரத்துலேர்ந்து நடந்து வந்தேன்" என்றான். கலீல் சார் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"டேய், அவன் சொன்னதும் சார்ஜ்தான், இவன் சொன்னதும் சார்ஜ்தான். ரெண்டும் ஒண்ணா?"

"இல்லீங்க சார்!"

"அப்போ இன்னும் எத்தினி கீதுன்னு பார்த்துடலாமா?"

அவ்வளவுதான். வகுப்பு தேன்கூட்டில் கல் எறிந்ததுபோல் ஆகிவிட்டது. பிள்ளைகள் லீவுக்கு ஊருக்குப் போனால் ஒரு சார்ஜோடு திரும்பி வந்தார்கள். நாட்டுத் துப்பாக்கியில் மருந்து கெட்டிக்கிறதும் சார்ஜ் என்று ஒருவன் வந்து சொன்னான். அவனுடைய மாமன் காவல் பரணில் படுப்பவர். நெல்லிவாசல்நாட்டுப் பையன் ஒருவன் கரடி ஒருவர் மேல் பாய்ந்த கதையைக் கையைக் காலை ஆட்டிச் சொன்னான். "அதுவும் சார்ஜ்தான்டா" என்று கலீல் சார் போர்டில் எழுதினார். கரடியா, பாட்டரியா என்று பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சந்தைக்குப் போன இடத்தில் போலீஸ்காரர்கள் கூட்டத்தைத் தடியால் விரட்டியதைப் பார்த்துவிட்டு வந்தவன், "சார், லத்தி சார்ஜ்!" என்று ஓடிவந்தான். அடிபட்டவன்கூட அவ்வளவு வேகமாக ஓடியிருக்கமாட்டான். பக்கத்து வகுப்பில் நான் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பேன். என் வகுப்புப் பிள்ளைகள் காதை எல்லாம் அங்கேதான் வைத்திருப்பார்கள்.

ஒருநாள் ஒரு பெண்பிள்ளை எழுந்து நின்றாள். "எங்கப்பா மேல ஃபாரஸ்ட்டுக்காரங்க சார்ஜ் போட்டுட்டாங்க சார்" என்று சொல்லிவிட்டு அழத் தொடங்கிவிட்டாள். ஏதோ கட்டை வெட்டிய வழக்கு. கலீல் சார் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார். "இது உங்கப்பாவோடது கண்ணு. இதைப் போர்டுல எழுத வேணாம்" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு வேறு பாடம் எடுத்தார். எனக்குத் தெரிந்து அவர் எழுதாமல் விட்ட சார்ஜ் அது ஒன்றுதான்.

எங்கள் வீட்டுக்காரருக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "ஒரு வார்த்தையை வச்சுக்கிட்டு மாசக்கணக்குல ஓட்டுனா போர்ஷனை எப்போ முடிக்கிறது?" என்று கேட்டார். கலீல் சார் பணிவாகத்தான் பதில் சொன்னார். "சார், ஒரு வார்த்தையோட குணம் பிடிபட்டுடுச்சுன்னா மத்த வார்த்தையெல்லாம் பசங்களே கேட்டுக்குவாங்க." பிறகு என் பக்கம் திரும்பி, "தெரியாதுன்னு சொல்றதுக்கு இங்கிலீஷ்ல மூணு வார்த்தை வேணும், தமிழ்ல ஒண்ணு போதும். ரெண்டுலயும் நமக்கு வாய் வர்றதில்லையே டீச்சர்" என்றார். அப்போது சிரித்தேன்.

அவருக்கு ரொம்பப் பிடித்த சார்ஜ் எது தெரியுமா? ஆபீசில் ஒருவர் பொறுப்பை ஒப்படைப்பதும் இன்னொருவர் ஏற்றுக்கொள்வதும். "மத்த சார்ஜ் எல்லாம் அடுத்தவங்க நம்ம மேல போடறது. கரடியாகட்டும், போலீசாகட்டும், கண்டக்டராகட்டும். இது ஒண்ணுதான் நாமளா கை நீட்டி வாங்கிக்கிறது" என்று பிள்ளைகளிடம் சொல்வார்.

இனிச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் அடைமழைக் காலத்தில் எங்கள் மாமியாருக்கு உடம்பு மோசமாகி, நானும் எங்கள் வீட்டுக்காரரும் திருப்பத்தூருக்குக் கிளம்பினோம். பள்ளிக்கூடப் பொறுப்பு கலீல் சாரிடம். சாவிக்கொத்தை அவர் கையில் கொடுக்கும்போது நான் குடையோடு பக்கத்தில்தான் நின்றேன். அரிசி எவ்வளவு இருக்கிறது, எண்ணெய் எங்கே இருக்கிறது, கிணற்றுக் கயிறு நைந்துவிட்டது, புதிதாகச் சாமை மூட்டை வந்திருக்கிறது, அரிசி தீர்ந்தால் அதைப் போடுங்கள் என்றெல்லாம் எங்கள் வீட்டுக்காரர் சொன்னார். கலீல் சார் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அதன் பிறகு நாங்கள் மலையிறங்கினோம்.

சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அதற்குச் சில நாள் முன்பு ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டர் பள்ளிக்கூடத்துக்கே வந்து எங்கள் வீட்டுக்காரரிடம் ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போயிருந்தாராம். மலையில் வழக்கம் என்னவென்றால், புதுச் சாமை வந்தால் முதலில் சாமிக்குப் படைக்கவேண்டும். அதற்குப் புதுசு கும்பிடுவது என்று பெயர். கும்பிடும்வரை வீட்டில் ஒரு பிள்ளை வாயில்கூட அது படக்கூடாது. பட்டால் அந்தக் குடும்பத்துக்குக் குற்றம், ஊருக்கே குற்றம். வேறு ஊரில் விளைந்ததானாலும் அப்படித்தான். "எங்க புள்ளைங்களுக்கு அதுவரைக்கும் பழசையே போடுங்க" என்று கவுண்டர் கேட்டிருக்கிறார். எங்கள் வீட்டுக்காரர், "சரி சரி, பார்த்துக்கிறேன்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அவருக்கு அதெல்லாம் பத்தாம்பசலித்தனம். அப்போதே காற்றில் விட்டுவிட்டார்.

நாங்கள் போன பிறகு மழை கொட்டியது. பாதையில் மண் சரிந்து ஜீப் ஏறமுடியவில்லை. பள்ளிக்கூடத்தில் அரிசி தீர்ந்தது. கலீல் சார் பிள்ளைகளைப் பசியோடு படுக்கவைக்கிற ஆளா? மலை வழக்கம் அவருக்குத் தெரியாது. இருந்த சாமை மூட்டையைப் பிரிக்கச் சொன்னார். பிள்ளைகளும் சாப்பிட்டார்கள். பெரிய பையன்களுக்கு விஷயம் தெரியும். வாத்தியார் போட்டால் எதிர்த்துப் பேசக்கூடாது என்று வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். சொல்லாமல் தின்றுவிட்டு, ஊருக்குப் போனதும் அம்மா மடியில் படுத்துக்கொண்டு சொல்லிவிட்டார்கள்.

பாதை சரியாகி நாங்கள் மேலே வந்தபோது பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை இல்லை. எல்லாரையும் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். மறுநாளே ஊர்க்கூட்டம் போட்டார்கள். மந்தையில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள், பெண்கள் ஓரமாக நின்றார்கள், நானும் அங்கேதான் நின்றேன். கவுண்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்து அமைதியாகக் கேட்டார்.

"ஐயா, நான் உங்க கிட்ட வந்து சொல்லிட்டுத்தானே போனேன்? பின்ன இன்னாங்க இப்படி ஆயிப்போச்சு?"

எங்கள் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "நான் ஊரிலேயே இல்லை. சார்ஜ் கலீல் சார் கையில இருந்தது. அவர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டுத்தான் போனேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். என் கண் முன்னால் நடந்து அன்றைக்குத்தான் பார்த்தேன். குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் நான். என்னென்ன சொன்னார், எதைச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியாதா?

எல்லாரும் கலீல் சாரைப் பார்த்தார்கள். அவர் எங்கள் வீட்டுக்காரரை ஒரு தரம் பார்த்தார். ஒரே ஒரு தரம். பிறகு எழுந்து முன்னால் வந்து நின்றார்.

"ஆமாங்க. சார்ஜ் எங்கிட்டத்தான் இருந்தது. எம் பொறுப்புல நடந்த தப்பு. ஊர் இன்னா சொல்லுதோ கட்டுப்படறேன்."

எல்லாத்தையும் சொல்லிவிட்டுப் போனார் என்று அவர் சொல்லவில்லை, கவனித்தீர்களா? பொய்யில் பாதியைக்கூட அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. சார்ஜை மட்டும் ஏற்றுக்கொண்டார்.

ஊர் தண்டம் போட்டது. காசுத் தண்டமில்லை. குற்றம் செய்தவர் வீடு வீடாகப் போய் வாசலில் நின்று கைநீட்டி, ஒரு கைப்பிடிச் சாமை வாங்கவேண்டும். எல்லா வீட்டுச் சாமையையும் ஒன்றாக்கிச் சாமிக்குப் பொங்கி ஊருக்குப் போடவேண்டும். ஒரு வீடு போடவில்லை என்றாலும் தண்டம் கழியாது.

அன்று வீட்டில் நான் போட்ட சண்டை எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு போட்ட முதல் பெரிய சண்டை. "வாய் கூசலையா உங்களுக்கு?" என்று கேட்டேன். அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். "ஹெட்மாஸ்டர் போய் வூடு வூடா கை நீட்டினா நாளைக்கு எவன் மதிப்பான்?" என்றார். நான் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு நேராகப் பள்ளிக்கூடச் சமையல் கொட்டகைக்குப் போனேன். கலீல் சார் அங்கே அண்டா கழுவுகிறவருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். "நான் இப்பவே கவுண்டர் வூட்டுக்குப் போறேன். நடந்ததைச் சொல்லிடறேன்" என்றேன்.

"வேணாம் டீச்சர்" என்றார்.

"ஏன் வேணாம்? நீங்க இன்னா கல்லா, மண்ணா?"

"புள்ளைங்களை நம்ம கிட்ட வுட்டுட்டுப் போனவங்க ஒரு பெரிய மனுஷனை நம்பித்தான் வுட்டாங்க. அவரே பொய் சொன்னாருன்னு தெரிஞ்சா ஒரு புள்ளையும் திரும்பி வராது. ஒரு வாத்தியாரு தப்பு பண்ணாருன்னா பள்ளிக்கூடம் நிக்கும். நான் பொய்யும் சொல்லலியே. சார்ஜ் எங்கிட்டத்தானே இருந்தது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் திரும்பிக்கொண்டு அண்டாவைப் பார்க்கத் தொடங்கினார். நான் அழுவதைப் பார்க்கக்கூடாது என்றுதான். அவர் கேட்டுக்கொண்டார் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். அவர் கேட்டுக்கொண்டதை இத்தனை வருஷமாக ஒரு சாக்காக வைத்திருந்தேனோ என்று இப்போது தோன்றுகிறது.

மறுநாள் காலையில் அவர் வெள்ளைத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். நானும் கூடவே நடந்தேன். எங்கள் வீட்டுக்காரர் தடுக்கவுமில்லை, வரவுமில்லை. சில வீட்டில் மறுபேச்சில்லாமல் போட்டார்கள். சில வீட்டில் முணுமுணுத்துக்கொண்டு போட்டார்கள். ஒரு வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கலீல் சார் வெயிலில் வாசலிலேயே நின்றார். கூப்பிடவில்லை, தட்டவில்லை. சமையல் வேலையெல்லாம் முடித்த பிறகுதான் அந்த வீட்டு மனுஷி கதவைத் திறந்தாள். அவர் இன்னும் நிற்பதைப் பார்த்துப் பதறிப்போய் இரண்டு கையாலும் அள்ளிப் போட்டாள். "ஒரு கைப்பிடி போதும்மா" என்று அவர் மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

வேலிப்பக்கத்து வீடு ஒன்றில் ஒரு தாய், அவருடைய துண்டில் சாமையைப் போட்டுக்கொண்டே என்னைப் பார்த்தாள். "ஏன் டீச்சரம்மா, வாத்தியாரு வர்றாரு சரி. நீங்க எதுக்குக் கூடக் கூட வர்றீங்க? உங்க வூட்டுக்காரரா தப்பு பண்ணாரு?" அவள் வேடிக்கையாகத்தான் கேட்டாள். கலீல் சார்தான் சட்டென்று, "எனக்கு இந்தப் பக்கம் வழி தெரியாதும்மா, காட்ட வந்தாங்க" என்றார். அந்த மலையில் அவருக்குத் தெரியாத ஒற்றையடிப் பாதை உண்டா? தனக்காகப் பொய் சொல்லாத மனுஷன், எனக்காக ஒன்று சொன்னார்.

பொங்கினார்கள். படைத்தார்கள். ஊரே உட்கார்ந்து சாப்பிட்டது. அடுத்த வாரம் பிள்ளைகள் பாய் சுருட்டோடு திரும்பி வந்தார்கள். பள்ளிக்கூடம் பழையபடி இரைச்சலாகிவிட்டது. முதல் நாள் இங்கிலீஷ் வகுப்பில், "புது சார்ஜ் யாரு கொண்டாந்தீங்க?" என்று கேட்டாரோ இல்லையோ, ஒரு பொடியன் எழுந்தான்.

"சார், எங்கப்பா சொன்னாருங்க. சார்ஜுன்னா வூடு வூடாப் போய்க் கை நீட்டறது."

என் வகுப்பில் சத்தம் நின்றுவிட்டது. பிறகு கலீல் சாருடைய சிரிப்புதான் கேட்டது. "சரியாத்தான்டா சொல்லியிருக்காரு" என்று சொல்லிப் போர்டில் எழுதினார். அதுவரை எழுதியவற்றோடு அதையும் ஒன்றாக எழுதினார். அப்போது எங்கள் வீட்டுக்காரர் தாழ்வாரத்தில் வந்துகொண்டிருந்தார். போர்டைப் பார்த்தார். வந்த வழியே திரும்பி ஆபீஸ் அறைக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு கலீல் சார் சில வருஷம் எங்களோடுதான் இருந்தார். அவர் பக்கம் ஒரு மாற்றமும் இல்லை. "சார்" என்று எழுந்து நிற்பார், பண்டிகைக்கு சேமியா கொடுத்தனுப்புவார். அந்த மரியாதை எங்கள் வீட்டுக்காரரைத் தினம் தினம் கொன்றது. பிறகு கலீல் சார் வாணியம்பாடிப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு மாற்றலாகிப் போனார். நாங்களும் ரிட்டயராகித் திருப்பத்தூருக்கு இறங்கிவிட்டோம். ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் அவர் வருவதைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டுக்காரர் வாழைப்பழத் தாருக்குப் பின்னால் ஒதுங்கினார். வயசான மனுஷன், ஸ்கூல் பையன் மாதிரி! கலீல் சார் பார்த்துவிட்டார். ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு, "சார், நல்லாக்கீறீங்களா?" என்று கேட்டு, கோலி சோடா வாங்கிக்கொடுத்து, பஸ்ஸில் இடம் பிடித்து உட்காரவைத்து அனுப்பினார். ஒருநாள் வாணியம்பாடி போய்ப் பார்த்துச் சொல்லிவிடவேண்டும் என்று எங்கள் வீட்டுக்காரர் பிறகு பலமுறை சொன்னார். தீபாவளி போகட்டும் என்றார், மழை போகட்டும் என்றார். கலீல் சார் போய்விட்டார்.

முருகேசன் சொன்ன மறுநாள் நாங்கள் வாணியம்பாடி போனோம். கலீல் சாருடைய மனைவி இத்தாவில் இருந்தார்கள். புருஷன் இறந்த பிறகு குறிப்பிட்ட காலம்வரை அன்னிய ஆண்கள் முன்னால் அவர்கள் வரமாட்டார்கள். அதனால் என்னை உள்ளே அழைத்துப் போனார்கள். எங்கள் வீட்டுக்காரர் கலீல் சாருடைய அண்ணனோடு முன்னறையில் உட்கார்ந்தார். நடுவில் ஒரு திரை. அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அழுதுகொண்டே சொன்னார்கள்.

"உங்க வூட்டுக்காரரைப் பத்தி நெறையச் சொல்லுவாரும்மா. மலையில நான் ஒரு தப்பு பண்ணேன், பெரிய சார் என்னை வுட்டுக்கொடுக்காம வச்சிருந்தாருன்னு சொல்லுவாரு. அவரை நேர்ல பார்த்து ஒரு வார்த்தை சொல்லணும்னு எனக்கு ஆசை. உங்க மூலமாச் சொல்றேன்."

ஐயோ, அந்த நிமிஷம் பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கக்கூடாதா! கட்டிய மனைவியிடம்கூட அவர் எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் டம்ளர் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு எங்கள் வீட்டுக்காரருடைய குரல்.

"அம்மா, தப்பு பண்ணது நான். அவர்கிட்ட நான் சொல்லவேயில்லை. சொன்னேன்னு ஊர் முன்னாடி பொய் சொன்னேன். அவர் எனக்காகக் கை நீட்டினார்."

அழுகையில் உடைந்துதான் சொன்னார். ஆனால் முழுசாகச் சொன்னார். அந்த அம்மாள் என் கையை விட்டுவிட்டார்கள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு என்னிடம் மெல்லச் சொன்னார்கள். "இதை என் கிட்டச் சொல்லி இன்னா ஆகப்போவுது? அவரு எந்த மலையில கை நீட்டினாரோ அங்க போய்ச் சொல்லச் சொல்லுங்க."

திரையைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். அவர்கள் சொன்னதை எங்கள் வீட்டுக்காரரிடம் அப்படியே சொன்னேன்.

முருகேசனுடைய ஜீப்பிலேயே புதூர்நாட்டுக்குப் போனோம். முன்னால் உட்கார்ந்து எங்கள் வீட்டுக்காரரே அவனிடம் எல்லாவற்றையும் சொன்னார். பாதி வழியில் அவன் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப்போய்க் கொஞ்ச நேரம் தனியாக நின்றுவிட்டு வந்தான். அதே கவுண்டர்தான் இன்றைக்கும் ஊர்க்கவுண்டர், முதுகு கூனிவிட்டது. அதே மந்தையில் கூட்டம் போட்டார். எங்கள் வீட்டுக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நடுவில் நின்று சொன்னார். அன்றைக்குப் பெண்கள் பக்கத்தில் நின்றிருந்த நான் இந்தத் தடவை அங்கே நிற்கவில்லை. அவர் பக்கத்தில் போய் நின்றேன். அவர் சொல்லி முடித்துவிட்டு, "எனக்குத் தண்டம் போடுங்க. வூடு வூடா நானும் போறேன்" என்று கும்பிட்டார்.

கவுண்டர் பக்கத்திலிருந்தவர்களைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"ஒரு குத்தத்துக்கு ஒரு தண்டம்தாங்க ஐயா. அதை அந்த வாத்தியாரு கட்டிட்டாரு. நாங்களும் வாங்கிட்டோம். ரெண்டாந்தரம் வாங்க எங்க ஊருல வழக்கம் இல்லீங்க."

"நான் இன்னா பண்ணட்டும் அப்போ?" என்று கேட்டார் எங்கள் வீட்டுக்காரர்.

"தெரியலீங்களே" என்றார் கவுண்டர். கூட்டம் கலைந்துவிட்டது.

கலீல் சார் குற்றவாளி இல்லை என்று இனி அந்த மலையில் எல்லாருக்கும் தெரியும். அதுவரை நல்லது. அவரிடமிருந்து நான் எதை வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று எழுதவேண்டும். அவருடைய சிரிப்பை, அவருடைய பொறுமையை என்றெல்லாம் எழுத ஆசைதான். அதெல்லாம் அவரிடம் படித்த நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது, யாரும் வாங்கிக்கொள்ள மறுத்த அந்தத் தண்டம். அதை நாங்கள் இரண்டு பேரும் வைத்திருக்கிறோம்.